தகரக் கூரை, 11 அடிச் சுவர், 5 டிகிரி இரவு: ஊட்டியில் ஒரு பழைய வீட்டைக் கதகதப்பாக்குவது எப்படி? – நிகழ்வு ஆய்வு

வீடு

ஊட்டியிலும் குன்னூரிலும் நூறு வயதை ஒட்டிய வீடுகளில் இன்னும் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். இந்த ஆய்வுக்கு அந்த வகையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறோம். அளவுகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் வீட்டு அளவைப் போட்டால் விடை கொஞ்சம் முன்பின் மாறும், வரிசை மாறாது.

நீளம் 30 அடி, அகலம் 26 அடி. தரையிலிருந்து சீலிங் வரை 11 அடி. சுண்ணாம்புக் காரையில் கட்டிய 15 அங்குலச் செங்கல் சுவர். மேலே தகரக் கூரை, அதற்கு அடியில் முக்கால் அங்குலப் பலகை சீலிங், இரண்டுக்கும் நடுவே வெறும் பரண். ஒற்றைக் கண்ணாடி போட்ட மர ஜன்னல்கள் பதினொன்று, மொத்தம் 130 சதுர அடி. வெளிக்கதவு இரண்டு, கணப்பு (சுவரோடு கட்டிய விறகுத் தீயிடம்) இரண்டு, சிமெண்ட் தரை.

இந்த மலையின் குளிருக்காக யோசித்துக் கட்டிய வீடு இது இல்லை. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் ஊட்டியில் கல் பங்களாவைக் கட்டியதற்குப் பிறகு வந்த வீடுகள் பலவும் சமவெளிப் பங்களாவின் உயரத்தையும் இங்கிலாந்துக் கணப்பையும் ஒட்டவைத்தவை. விறகு வெட்டிக் கொண்டுவந்து அறைக்கு அறை தீ வளர்க்க ஆள் இருந்த காலத்துக்கு அது சரிப்பட்டது. தோடர்களின் பழைய வீட்டைப் பாருங்கள்: தவழ்ந்து நுழையும் வாசல், தடித்த புல் கூரை, சின்ன உள்ளிடம். படகர்களின் ஊர்களான ஹட்டிகளில் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்பதால் பக்கச் சுவர் இரண்டிலும் வெளிக்குளிர் படுவதில்லை. குளிரைப் புரிந்துகொண்ட கட்டுமானம் என்றால் அவைதான்.

வெப்பம் எங்கே போகிறது

ஜனவரியில் ஊட்டியின் இரவு வெப்பநிலை 5–6 டிகிரியை ஒட்டி இறங்கும். பள்ளமான இடங்களில் புல்மேல் உறைபனி பிடிக்கும். வெளியே 5, உள்ளே 18 என்று வைத்துக்கொள்வோம். குளிர்ப் பகுதிகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆக 13 டிகிரி வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும்? கூரை வழியாக 2,260 வாட் போகிறது. சுவர் வழியாக 1,870. இடுக்கு, வெண்டிலேட்டர், புகைபோக்கி வழியாகப் போகும் காற்றோடு 1,640. வீட்டுக் காற்று மணிக்கு இரண்டு முறை முழுக்க மாறுவதாக வைத்த கணக்கு இது, திறந்த புகைபோக்கி உள்ள வீட்டுக்கு இது மிகையில்லை. ஜன்னலும் கதவும் சேர்ந்து 1,030. தரைக்கு 200 போதும். கீழே மண் ஆண்டு முழுக்க 14 டிகிரியை ஒட்டியே இருப்பதால் அங்கே இழப்பு குறைவு. கூட்டினால் 7,000 வாட், அதாவது 7 கிலோவாட்.

காற்றுக் கணக்கில் ஒரு மலைச் சலுகை உண்டு. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 0.34 வாட்-மணி ஆகும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் 0.26 போதும். வெளிநாட்டுக் கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு காற்றிழப்பு ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரிவது இதனால்தான்.

ஏழு கிலோவாட்டை மின்சாரத்தில் கொடுக்க முடியாது. பழைய ஒயரிங் அதைத் தாங்காது, தாங்கினாலும் பில் தாங்காது. அதனால் முதலில் குறைக்க வேண்டியது இழப்பை. எதில் குறைந்த செலவில் அதிகம் குறையும்? கூரையும் காற்றும். இரண்டும் சேர்ந்து பாதிக்கு மேல். சுவர் பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் அதைத் தொடுவது கடைசி வேலை. ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

ஹீட்டர் போட்டும் குளிர்வது ஏன்

"ரெண்டாயிரம் வாட் ஹீட்டர் போட்டாலும் குளிருது, ஆஃப் பண்ணா அஞ்சு நிமிஷத்துல பழையபடி" என்பது இங்கே எல்லார் வீட்டிலும் கேட்கும் புலம்பல். காரணம் எளிது. 12×12 அடி அறையின் காற்றை 5 டிகிரி உயர்த்த 60 வாட்-மணி போதும். 2 கிலோவாட் ஹீட்டருக்கு அது இரண்டு நிமிட வேலை. ஆனால் அதே அறைச் சுவர்களின் உட்பக்க 10 சென்டிமீட்டர் மட்டும் ஒரு டிகிரி ஏறுவதற்கு ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம், அதாவது 2,000 வாட்-மணி தேவை. ஹீட்டர் சூடாக்குவது காற்றை. சுவர் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது, சீலிங் இடுக்கு மிச்சத்தை மேலே அனுப்புகிறது.

உடம்பு உணர்வது காற்றின் வெப்பத்தை மட்டும் இல்லை. சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு கணக்கில் வரும். அறைக் காற்று 18 டிகிரி இருக்கும்போதே இந்த வீட்டின் சுவர் உட்பரப்பு 15.5, பலகை சீலிங் 15, கண்ணாடி 8.5 டிகிரி. தெர்மாமீட்டர் 18 காட்டும், உட்கார்ந்திருப்பவருக்கு 16 போலத் தோன்றும். சீலிங்குக்கு மேல் இன்சுலேஷன், அதாவது வெப்பம் தப்பாமல் தடுக்கும் விரிப்பு, வந்துவிட்டால் சீலிங் 17.5க்கு ஏறும். ஹீட்டரைக் கூட்டாமலே அறை மாறியதுபோல் இருப்பது அதனால்.

பரண்: முதல் வேலை, பெரிய வேலை

காலம்: ஏப்ரல், மே. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் தகரத்தின் கீழ் எதையும் உலர்வாக வைக்க முடியாது. காலை ஏழு மணிக்கு ஏறி பத்துக்கு இறங்கிவிடுவது நல்லது. வெயில் ஏறினால் தகரத்தின் அடி அடுப்பு.

ஏறியதும் பரண் மூடியைச் சாத்தி, டார்ச்சை அணைத்துவிட்டு மேலே பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடமெல்லாம் மழை இறங்கும் இடம். பெரும்பாலும் ஆணி, போல்ட் துளைகள்தான். பழைய வாஷர் இற்றுப்போயிருக்கும். போல்ட்டைக் கழற்றி, பிட்டுமன் வாஷரோ ரப்பர் வாஷரோ போட்டு மாட்ட வேண்டும். துருவில் சல்லடையான தகடு இருந்தால் மாற்றியாக வேண்டும். ஒழுகும் கூரையின் கீழ் கிளாஸ்வூல் (கண்ணாடி நார் மெத்தை) விரிப்பது பணத்தை நனைப்பது. கூரை தகரமாக இல்லாமல் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதை உலர்வாகத் துளைக்கவோ உடைக்கவோ கூடாது.

எலி, வௌவால், மரநாய் மூன்றுக்கும் பரண்தான் வீடு. கூரை விளிம்புத் திறப்புகளில் அரை அங்குலத்துக்குக் குறைந்த கண் உள்ள கம்பி வலை அடியுங்கள். பலகையால் அடைக்காதீர்கள், அந்தத் திறப்புகள் வழியாகக் காற்று ஓடுவது அவசியம்.

அடுத்தது பாலித்தீன். சூடான வீட்டுக் காற்றில் ஈரம் இருக்கும்: சமையல், குளியல், மூச்சு. அது பலகை இடுக்கு வழியாக ஏறிக் குளிர்ந்த தகரத்தில் பட்டால் நீராகிச் சொட்டும். தெளிந்த வானமுள்ள இரவில் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். வெப்பத்தை வானத்துக்கு வீசிவிடுகிறது. இன்சுலேஷன் போட்ட பிறகு தகரத்துக்குக் கீழிருந்து வரும் சிறு சூடும் நின்றுபோவதால் வேர்வை இன்னும் கூடும். அதனால் 200 மைக்ரான் பாலித்தீனைப் பலகையை ஒட்டி, அதாவது சூடான பக்கத்தில், விரிக்க வேண்டும். ஒரு விரிப்பின் மேல் அடுத்தது ஆறு அங்குலம் ஏறி நிற்கட்டும், இணைப்பில் டேப் ஒட்டுங்கள், சுவர் ஓரத்தில் நாலு அங்குலம் மேலே மடித்து ஏற்றுங்கள். 780 சதுர அடி வீட்டுக்கு 85 முதல் 90 சதுர மீட்டர் பாலித்தீன் ஆகும். இதை, அடுத்து விரிக்கப்போகும் கம்பளியின் (கிளாஸ்வூல் அல்லது ராக்வூல்) மேல்பக்கம் போட்டால் ஈரம் கம்பளிக்குள் சிறைப்படும். நாம் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

பிறகு கம்பளி. கிளாஸ்வூல் அல்லது ராக்வூல் (கல் நார் மெத்தை), 50 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு குறுக்குச் சட்டங்களுக்கு இடையே, இரண்டாவது அடுக்கு சட்டங்களின் மேல் எதிர்த்திசையில். ஒரே திசையில் இரண்டையும் போட்டால் சட்டம் இருக்கும் இடமெல்லாம் வெப்பம் தப்பும் கோடாகும். சேதாரம் சேர்த்து 150 சதுர மீட்டர் வாங்குங்கள். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி ராக்வூல் என்றால் மொத்த எடை 350 கிலோ. 24 கிலோ அடர்த்தி கிளாஸ்வூல் என்றால் அதில் பாதி. சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவுக்குள்தான், நல்ல சீலிங் தாங்கும். ஆனால் கரையான் தின்ற சட்டத்தில் ஆணி வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சந்தேகம் இருந்தால் கிளாஸ்வூல். புகைபோக்கியைச் சுற்றி ஆறு அங்குலத்துக்கு மட்டும் ராக்வூல்தான். பாலித்தீன் அதற்கு முன்பே நின்றுவிட வேண்டும்.

கூரை விளிம்பில் தகரத்துக்கும் கம்பளிக்கும் நடுவே இரண்டு அங்குலம் விடுங்கள். அழுத்தித் திணிக்காதீர்கள், காப்பாற்றுவது நாருக்குள் அடைபட்ட காற்று, நார் இல்லை. அதன்மேல் பழைய டிரங்குப் பெட்டியை ஏற்றினாலும் அதே கதைதான். பரண் மூடியின் முதுகிலும் அதே தடிமனில் ஒட்டி, விளிம்பில் ரப்பர் பீடிங் வைத்துக் கொக்கி போடுங்கள். ஒயர்களைக் கம்பளிக்குள் புதைக்கக் கூடாது, சூடேறும். பைப்பில் விட்டு மேலே தூக்குங்கள். சீலிங் வழியாக எட்டிப் பார்க்கும் லைட் ஃபிட்டிங் எதையும் மூடாதீர்கள். கையுறை, முழுக்கை, முகமூடி. நடப்பது சட்டத்தின் மேல், அதுவும் ஓர் அடிப் பலகை போட்டு. பலகை சீலிங்கில் கால் வைத்தால் கால் வரவேற்பறைக்கு வந்துவிடும்.

இதையெல்லாம் செய்தால் கூரை இழப்பு 2,260 வாட்டிலிருந்து 380க்கு இறங்கும்.

கடைக்காரர் இரண்டு மாற்றுகளைக் காட்டுவார். ஒன்று, வெள்ளித்தாள் ஒட்டிய பபிள் ஷீட். கோடையில் மேலிருந்து இறங்கும் வெயிலைத் தடுக்க அது பயன்படும். குளிரில் வெப்பம் கீழிருந்து மேலே ஏறுகிறது. அப்போது அந்தக் காற்றிடைவெளி சுழன்று வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும், ஷீட்டின் பலன் பெரிதும் குறைந்துவிடும். 100 மில்லிமீட்டர் கம்பளிக்கு அது ஈடில்லை. இன்னொன்று தெர்மகோல். வெப்பம் தடுப்பதில் குறையில்லை, விலையும் மலிவு. ஆனால் தீப்பிடிக்கும், எலி குடையும், பிவிசி ஒயரைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒயரின் உறை நாளடைவில் இறுகி வெடிக்கும். கணப்பு உள்ள வீட்டுப் பரணில் வேண்டாம்.

பரணில் ஏற இடமே இல்லாத வீடு என்றால், இருக்கும் சீலிங்குக்குக் கீழே ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம் கட்டி 50 மில்லிமீட்டர் கம்பளி வைத்து ஜிப்சம் போர்டு அடிக்கலாம். கம்பளி இல்லாமல் வெறும் பிவிசி சீலிங் அடிப்பதில் அழகு உண்டு, சூடு அதிகம் மிஞ்சாது.

இடுக்குகள்

காற்றடிக்கும் மாலையில் எல்லாவற்றையும் சாத்தி, ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னல் விளிம்பு, கதவின் அடி, நிலைக்கும் சுவருக்கும் நடுவே, ஸ்விட்ச் பெட்டி என ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போங்கள். புகை கிடையாகப் பாயும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். 3×4 அடி இரட்டைக் கதவு ஜன்னலில் விளிம்பு மட்டும் 18 அடி. அதில் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் கூட்டுத்தொகை 110 சதுர சென்டிமீட்டர்: ஒரு ஜன்னலுக்கு ஓர் உள்ளங்கை அளவு ஓட்டை. கதவின் அடியில் அரை அங்குலம் இருந்தால் அதுவும் அவ்வளவே.

முதலில் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே உதிர்ந்த மக்கை (புட்டியை)ச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். காற்றடித்தால் கிடுகிடுக்கும் கண்ணாடிகள் இதிலேயே அடங்கும். பிறகு விளிம்புக்கு ரப்பர் பீடிங். நுரை டேப் மலிவு, ஆனால் ஒரு பருவத்தில் சப்பையாகிவிடும். உள்ளே குழிவான டி (D) வடிவ இபிடிஎம் எனும் வெயில் மழை தாங்கும் ரப்பர் பல வருடம் உழைக்கும். இந்த வீட்டுக்குப் பதினொரு ஜன்னல், இரண்டு கதவு சேர்த்து 70 முதல் 75 மீட்டர் வேண்டும்.

மரம் மழைக்காலத்தில் ஊதும், ஜனவரியில் சுருங்கும். ஜனவரி இடைவெளியை அளந்து கெட்டியான ரப்பரைப் பொருத்திவிட்டால் ஜூலையில் ஜன்னல் சாத்தாது. சாத்த முயன்று கீல் பிடுங்கிக்கொள்ளும். எனவே நன்றாக அமுங்கக்கூடிய ரகம் மட்டும்.

கோணலான பழைய சட்டத்தில் இடைவெளி ஓரிடத்தில் 1 மில்லிமீட்டர், இன்னோரிடத்தில் 6 என்று இருக்கும். எந்த பீடிங்கும் அதற்குப் பொருந்தாது. அங்கே சிலிகான் வழி உதவும். சட்டத்தின் படியைத் துடைத்து உலர்த்தி, சிலிகானைக் கோடாக இழுங்கள். ஜன்னல் கதவு வந்து உட்காரும் முகத்தில் மெல்லிய சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மெதுவாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். திறந்து தாளை உரித்தால் அந்த ஜன்னலின் கோணலுக்கே வார்த்த ரப்பர் கிடைக்கும்; பிதுங்கியதை பிளேடால் சீவுங்கள். இதை வெயில் நாளில் செய்யுங்கள். ஈர மரத்தில் சிலிகான் பிடிக்காது.

கணப்பும் புகைபோக்கியும்

எரியாத கணப்பு, வீட்டிலேயே மிகப் பெரிய ஓட்டை. 9×9 அங்குலப் புகைபோக்கி என்றால் 520 சதுர சென்டிமீட்டர். ஐந்து ஜன்னல் இடுக்குகளுக்குச் சமம், அதுவும் காற்றை மேல்நோக்கி இழுக்கும் குழாய். பயன்படுத்தாத கணப்பின் வாயை அளவெடுத்து, 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் மூடி செய்து, ஓரத்தில் நுரை ஒட்டிப் பொருத்துங்கள். மூடியில் ஒரு ரூபாய் அளவில் இரண்டு துளை இருக்கட்டும். முழுக்க அடைத்தால் புகைபோக்கிக்குள் ஈரம் தங்கிச் சுவரில் பழுப்புக் கறை இறங்கும். மூடியின்மேல் "தீ மூட்டும் முன் எடுக்கவும்" என்று பெரிதாக எழுதிவைப்பது கேலிக்குரிய யோசனை இல்லை. விருந்தாளிகள் வருவார்கள்.

எரியும் கணப்பும் கணக்கில் ஏமாற்றும். உலர்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் வெப்பம் தரும். திறந்த கணப்பில் அதில் 10 முதல் 20 சதவீதம்தான் அறைக்கு வரும், மிச்சம் புகையோடு போகும். போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துப் போகும். முன்னால் உட்கார்ந்தவருக்கு முழங்கால் வேகும், அடுத்த அறையில் இருப்பவருக்குக் குளிர் கூடும். 10 கிலோ விறகுக்குத் திறந்த கணப்பு 6 யூனிட் தருகிறது என்றால், கணப்பு வாயிலேயே பொருத்தும் மூடிய இரும்பு அடுப்பு 26 யூனிட் தரும். கணப்பை விட மனமில்லாதவர்கள் செலவழிக்க வேண்டியது அதில்தான்.

விறகு கற்பூர மரமோ வாட்டிலோ, பிளந்து, மழை படாமல், காற்றோடும்படி அடுக்கி ஆறு மாதத்துக்கு மேல் காய வேண்டும். பச்சை விறகில் பாதி தண்ணீர். கிலோவுக்குக் கிடைப்பது 2 யூனிட்தான். அதோடு தார் போன்ற கரி புகைபோக்கியில் படியும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். பருவம் தொடங்கும் முன் புகைபோக்கியைத் தேய்த்து இறக்குங்கள். பறவைக் கூடும் தேன்கூடும் சகஜம். சொந்த நிலத்து மரமானாலும் வெட்ட அனுமதி வேண்டும். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நீலகிரிக்குப் பொருந்தும்.

பகல் 11 முதல் 3 வரை

குளிர்நாடுகளுக்கு எழுதிய அறிவுரைகள் இந்த மலைக்கு அப்படியே ஒத்துவராததற்குக் காரணம் இங்குள்ள பகல். ஜனவரியில் வெளியே நண்பகலுக்கு மேல் 20 டிகிரியை ஒட்டி ஏறும். வெயில் படாத தடித்த சுவர் வீடோ இரவும் பகலும் சேர்ந்த சராசரியில், 12–14 டிகிரியிலேயே நிற்கும். வாசலில் வெயில், உள்ளே ஸ்வெட்டர். அந்த நேரத்தில் வீட்டைச் சாத்தி வைத்திருப்பதுதான் தவறு. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து மணிக்குப் பத்து முறை காற்று மாறவிட்டால், 6 டிகிரி வித்தியாசத்தில் உள்ளே வருவது 3.8 கிலோவாட் வெப்பம். ஒரு காசு செலவில்லை. போவது சுவருக்குள், இரவில் அதுதான் திரும்பி வரும். அடைக்க வேண்டிய நேரம் நிழல் விழும் நேரம்: திறந்த மேட்டில் நாலு மணி, பள்ளத்து வீட்டில் மூன்றுக்கே. மூடுபனி இறங்கிய நாளில் திறக்காதீர்கள், ஈரம்தான் வரும்.

டிசம்பர் சூரியன் நண்பகலில் தெற்கே 55 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு ஜன்னலில் சதுர மீட்டருக்கு 300–400 வாட் உள்ளே வரும், கண்ணாடி சுத்தமாக இருந்தால். திரைச்சீலையை விலக்குங்கள், ஜன்னலுக்கு வெளியே வளர்ந்த செடியைக் கத்தரியுங்கள். பழைய பங்களாக்களின் கண்ணாடி வராந்தா இதற்கென்றே அமைந்தது: பகலில் உள்கதவு திறந்திருக்க வேண்டும், மாலையில் சாத்த வேண்டும்.

இதனால் ஜன்னலுக்கு இரண்டாம் கண்ணாடி என்பதையும் யோசித்துச் செய்ய வேண்டும். 4 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டைக் காந்தப் பட்டையில் உட்பக்கம் மாட்டினால் இழப்பு பாதியாகும். ஆனால் தினம் திறக்கும் தெற்கு, மேற்கு ஜன்னலில் அது தொல்லை. வடக்கு ஜன்னலுக்கு மட்டும் அக்ரிலிக், மற்றதற்கு உள்துணி வைத்துத் தைத்த கனத்த திரை. திரையின் தலைப்பக்கம் பலகைப் பெட்டியால் மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே நுழையும் சூடான காற்று கண்ணாடியில் குளிர்ந்து காலடியில் கொட்டும்.

சுவர்: உலர்த்துங்கள், மூடாதீர்கள்

நனைந்த செங்கல் உலர்ந்ததைவிட வெகு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எனவே கூரை விளிம்பின் மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்வதும், மலையை வெட்டிய பக்கம் பின்சுவரில் சரிந்து கிடக்கும் மண்ணை அள்ளித் தரைமட்டத்துக்கு ஆறு அங்குலம் கீழே கொண்டுவருவதும் இன்சுலேஷன் வேலைகளே. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச்சும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்டும் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே ஏறும். உட்பக்கம் போர்டும் கம்பளியும் அடித்தால் அவற்றுக்குப் பின்னால் சுவர் குளிர்ந்து பூஞ்சை பிடிக்கும். அதைவிட மோசம், பகல் வெப்பத்தைச் சேமிக்கும் சுவரை இழந்துவிடுவோம். வெளிச்சுவர் ஓரம் கட்டில் இருந்தால் உட்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். அவ்வளவுதான்.

மிச்சமுள்ள வெப்பம்

பரண், இடுக்கு, திரை முடிந்ததும் வீட்டின் தேவை 7லிருந்து 3.7 கிலோவாட்டுக்கு வந்துவிடும். அதில் பாதி சுவர். முழு வீட்டையும் சூடாக்குவது அப்போதும் வீண். முதியவரோ குழந்தையோ தூங்கும் ஒரு 12×12 அறைக்கு, நடுக்கும் இரவிலும் ஒரு கிலோவாட்டுக்குள் போதும். முன்பு அதே அறை ஒன்றரை கிலோவாட் கேட்டது.

ஒன்பது தகடு ஆயில் ஹீட்டரைக் குறைந்த அளவில் வைத்து, மாலை ஆறு மணிக்கே போட்டுவிடுங்கள். படுக்கும்போது போட்டால் சுவர் சூடாவதற்குள் விடிந்துவிடும். 2 கிலோவாட் என்றால் 8.7 ஆம்பியர்: 16 ஆம்பியர் பவர் பிளக், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கூடவே கூடாது. கம்பி சிவக்கும் ஹீட்டர் கட்டிலுக்கும் திரைக்கும் மூன்று அடி தள்ளி, விழித்திருக்கும்போது மட்டும்.

ஒரு கிலோவாட் எட்டு மணி நேரம் 60 இரவு எரிந்தால் 480 யூனிட். தமிழ்நாட்டில் மீட்டர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுவதால், 500 யூனிட்டுக்கு மேல் போனதும் கட்டணப் படி மாறிவிடும். ஹீட்டரின் 480ஐ மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், வீட்டின் மற்ற மின்சாரமும் அதன்மேல் ஏறும். சூடாக்கும் வசதியுள்ள ஹாட் அண்ட் கோல்ட் ஏசி ஒரு யூனிட்டுக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும். பருவம் முழுக்கச் சூடு வேண்டிய வீட்டுக்கு யோசிக்கத் தக்கது. மெலிந்த மலைக் காற்றில் அதன் திறன் குறையும் என்பதால் ஒரு படி பெரியதாக வாங்க வேண்டும். குளிரூட்ட மட்டும் தெரிந்த ஏசி எதற்கும் உதவாது. ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு 100 வாட் மின்போர்வை எட்டு மணி நேரத்துக்கு முக்கால் யூனிட் சொச்சத்தில் காரியத்தை முடித்துவிடும். கைக்குழந்தைக்கும், தானாகப் புரண்டு படுக்க முடியாதவருக்கும் அதைப் போடக் கூடாது.

இறுக்கிய வீட்டில் வரும் கோளாறுகள்

ஜன்னலில் தண்ணீர் வழிவது முதல் அறிகுறி. 18 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 10 டிகிரிக்குக் கீழுள்ள எந்தப் பரப்பும் வேர்க்கும்; ஒற்றைக் கண்ணாடி 8.5இல் இருக்கிறது. அறைக்குள் துணி காயப்போடுவதை நிறுத்துங்கள், சமையலறை எக்ஸாஸ்ட் வெளிச்சுவரில் திறக்கட்டும், பரணுக்குள் இல்லை. படுக்கையறைக்கு ஒரு வெண்டிலேட்டரை நாலு அங்குலச் சதுரத்துக்குத் திறந்தே வையுங்கள். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் இந்த வீட்டுக்குச் சரிப்படாது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவியும் அறைக்குள் வரும்.

இடுக்கெல்லாம் அடைத்தபின் கணப்பு புகையைத் திருப்பி அறைக்குள் தள்ளினால் அதற்குக் காற்று போதவில்லை. கணப்பின் அருகே வெளிச்சுவரில் நாலு அங்குலக் குழாய் ஒன்று, வலை அடித்து, தனியாக விட வேண்டும்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் இடுக்கு வேலை தொடங்கும் முன் அதை வெளியே மாற்றுங்கள். அதுவரை உயிரைக் காத்துவந்தது ஒருவேளை அந்த ஓட்டை ஜன்னலாகவே இருந்திருக்கும். கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழவில்லை என்ற செய்தி கொடைக்கானலிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தணல் சாம்பல் மூடியபிறகும் அது வந்துகொண்டிருக்கும். விறகோ எரிவாயுவோ எரியும் வீட்டில் இஎன் 50291 (ஐரோப்பியத் தரநிலை) முத்திரை உள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று, படுத்தவர் தலை உயரத்தில் இருக்கட்டும்.

முதல் பருவமழை முடிந்ததும் ஒருமுறை, முதல் உறைபனி இரவுக்கு மறுநாள் காலை ஒருமுறை பரணில் ஏறுங்கள். கம்பளியின் ஒரு மூலையைத் தூக்கிக் கையை வையுங்கள். மேல்பக்கம் மட்டும் ஈரம் என்றால் தகரம் வேர்த்துச் சொட்டுகிறது. கூரை விளிம்பில் காற்றுவழி அடைபட்டிருக்கும், அல்லது பாலித்தீன் இணைப்பு பிரிந்து கீழிருந்து ஈரம் ஏறும். ஒரே இடத்தில் வட்டமாக, அடிவரை ஈரம் என்றால் அதற்கு நேர் மேலே இருக்கும் போல்ட்டைப் பாருங்கள்.